ஒரு பென்னிச் சாப்பாடும் ஒரு கால்பந்து மன்றமும்
அருட்சகோதரர் வால்பிரிட் வாழ்க்கை வரலாறு

விழா மலரில் கால்பந்தாட்டம் பற்றியா என்று நம் பங்கின் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் எழுதப் புகுவது ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியன்று. துறவற அங்கி அணிந்த ஓர் ஆசிரியர் தம் பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தாங்கமாட்டாமல் கோயில் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி ஒரு மன்றத்தைத் தொடங்கினார். அதுவே இன்று உலகெங்கும் அறியப்பட்ட செல்டிக் கால்பந்து மன்றம். இளைஞர்கள் அந்தப் பெயரையும் அதன் பச்சை வெள்ளைச் சட்டையையும் நன்கு அறிவர். அதைத் தொடங்கியவர் ஒரு மாரிஸ்ட் சகோதரர் என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. அவருடைய வாழ்க்கையையும், குறிப்பாக அந்த மன்றத்தின் முதல் ஆட்டப் பருவமான 1888-89ஆம் ஆண்டையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

ஆண்ட்ரூ கெரின்ஸ் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். அயர்லாந்தின் மேற்கே ஸ்லைகோ மாவட்டத்தில், பாலிமோட் என்ற சிற்றூரின் அருகே, 1840ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் பிறந்தார். உழவர் குடும்பம். அவருக்கு ஐந்து வயதாகும்போது அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒருவகை அழுகல் நோய் விழுந்தது. ஏழைகளின் ஒரே உணவு அந்தக் கிழங்குதான். நிலம் பெரும்பாலும் ஆங்கிலேய நிலக்கிழார்களுடையது. விளைந்த கோதுமையும் ஓட்ஸும் கால்நடையும் கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தபோதே மக்கள் வழியோரங்களில் விழுந்து மடிந்தனர். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தனர். ஏறக்குறைய அத்தனை பேரே நாட்டை விட்டு வெளியேறினர். ஸ்லைகோ மிகவும் அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. பசி என்றால் என்ன என்பதை நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை சிறுவன் ஆண்ட்ரூவுக்கு இருக்கவில்லை.

பதினைந்தாம் வயதில் அவரும் கப்பலேறி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தார். தொடக்கத்தில் இருப்புப்பாதை வேலை. பகலெல்லாம் கூலிக்கு உழைத்து, இரவில் எழுத்துக் கற்றார். அந்நகரின் புனித முங்கோ பங்கில் மாரிஸ்ட் சகோதரர்கள் 1858இல் வந்து இறங்கியிருந்தனர். 1817இல் பிரான்சு நாட்டில் புனித மார்சலின் ஷாம்பஞா நிறுவிய சபை அது. குருப்பட்டம் பெறாமல், ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தவமாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய இரவு வகுப்பில் உட்கார்ந்த கெரின்ஸ் 1864இல் அச்சபையிலேயே சேர்ந்து, பயிற்சிக்காக வட பிரான்சின் போகாம் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். துறவுப் பெயராக வால்பிரிட் என்பதை ஏற்றார். எட்டாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அப்பெயர்ப் புனிதர் மனைவி மக்களோடு இல்லறம் நடத்திப் பின்னர் துறவு பூண்டு ஒரு மடத்தை எழுப்பியவர். நம் கதாநாயகரும் ஒன்றை எழுப்பினார். ஆனால் அது மடமன்று.

மீண்டும் கிளாஸ்கோவுக்கு வந்தவர் நகரின் கிழக்குப் பகுதியில் ஆசிரியப் பணி ஏற்றார். முதலில் கால்டன் பகுதியின் புனித மரியன்னை பங்குப் பள்ளி. 1874இல் அடுத்திருந்த பிரிட்ஜ்டன் பகுதியில் திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியரானார். இந்தக் கிழக்குப் பகுதியை வாசகர்கள் சற்று மனக்கண்ணால் பார்த்தல் நலம். நெசவாலைகள், இரும்பு உலைகள், சாயப்பட்டறைகள், எந்நேரமும் புகை. வீடு என்பது பல குடும்பங்களுக்கு ஒரே அறை. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் சாவும் அந்த ஓர் அறைக்குள்தான். அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்ததால் உள்ளூர்த் தொழிலாளர் அவர்களை வெறுத்தனர். அவர்கள் கத்தோலிக்கர் என்பது மற்றொரு குற்றமாயிற்று.

பள்ளிகளின் நிலையையும் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்தில் 1872ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்றது. பொதுப் பள்ளிகள் வரிப்பணத்தில் நடந்தன. கத்தோலிக்கப் பள்ளிகளோ தங்கள் நம்பிக்கைக் கல்வியை விட்டுவிட மனமின்றி அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. 1918இல்தான் அந்நிலை மாறியது. அதுவரை கூலிக்காரர்கள் வரியும் கட்டினர். தங்கள் பங்குப் பள்ளிக்குத் தனியாகச் செப்புக்காசும் போட்டனர். இப்படிப்பட்ட பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள் என்றாலும், காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்தார்கள். மதிய வேளையில் வீட்டுக்குப் போனாலும் அங்கே அடுப்பு எரிந்திராது. தாயும் ஆலைக்குப் போயிருப்பாள். பலர் பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டு ஏதேனும் வேலை தேடி அலைந்தனர்.

இதற்கு அருட்சகோதரர் வால்பிரிட் கண்ட வழிதான் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசை. புனித வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையோடு 1880களின் நடுவில் அது தொடங்கியது. மரியன்னை பள்ளியின் தலைமையாசிரியர் அருட்சகோதரர் டொரோத்தியஸ் அவருக்கு இணையாக நின்றார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான உணவு. வீட்டிலிருந்து ரொட்டியைக் கொண்டுவந்தால், அரைப் பென்னிக்கு ஒரு பெரிய கிண்ணம் சூப்பு. ஒன்றுமே கொடுக்க இயலாத பிள்ளைக்கும் வயிறார உணவு உண்டு, இலவசமாக.

இந்த அரைப் பென்னிக் கணக்கை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எல்லாருக்கும் இலவசம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கொடுக்க முடிந்த தாய் தன் பிள்ளையின் கையில் ஒரு காசை வைத்து அனுப்பினாள். பிள்ளையும் விலை கொடுத்து வாங்கியவனைப் போல உட்கார்ந்து உண்டான். பசியையே பிழைப்பாகக் கண்ட ஊரிலிருந்து வந்தவருக்கு ஏழையின் மானம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. மற்றொரு காரணமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. நகரில் வேறு சபையாரின் இலவசச் சூப்புக் கூடங்கள் இருந்தன. பஞ்ச காலத்து அயர்லாந்தில் சூப்புக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு அம்மக்களின் நினைவில் இன்னும் பச்சையாக இருந்தது. தம் மந்தையின் குட்டிகள் ஒரு கிண்ணத்துக்காக வேறு வாசலில் நிற்கக்கூடாது என்ற கவலையும் சகோதரருக்கு இருந்தது. அக்காலத்து மனநிலையில் அது இயல்பே. இன்று நாம் அண்டை சபையாரோடு கைகோத்து ஏழைக்கு உணவளிக்கிறோம், அன்று அப்படியில்லை.

மேசை போட்டாயிற்று, செலவுக்கு என் செய்வது? பங்கு மக்களே ஏழைகள். எத்தனை முறைதான் அவர்களிடம் தட்டேந்துவது? அப்போது கிளாஸ்கோவில் புதிதாக ஒரு பித்து பிடித்திருந்தது. ஆலைகளில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை வந்தபின் பிற்பகல் முழுவதும் கால்பந்தாட்டம் பார்ப்பதே தொழிலாளரின் பொழுதுபோக்கு. வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோரை உள்ளே விட்டனர். சகோதரர் வால்பிரிட் இதைக் கண்டார். பெயர்பெற்ற அணிகளை அழைத்து அறப்பணிக்கென ஆட்டங்கள் நடத்தினார். எடின்பரோ நகரின் ஹைபர்னியன் அணியும் அவ்வாறு வந்து ஆடியது. அந்த அணியே ஒரு பங்கின் குழந்தை. எடின்பரோவில் புனித பேட்ரிக் பங்கின் குருவான எட்வர்ட் ஹானன் அடிகளாரும் அவருடைய இளைஞர் சபையினரும் 1875இல் தோற்றுவித்தது.

1887 பிப்ரவரி 12ஆம் நாள் ஹைபர்னியன் அணி டம்பார்டன் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஸ்காட்லாந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. ஐரிஷ் மக்களின் அணி ஒன்று அக்கோப்பையை வெல்வது அதுவே முதல் தடவை. வென்ற கையோடு வீரர்கள் கால்டன் மரியன்னை பங்கு மண்டபத்துக்கு வந்தனர். அங்கே விருந்தும் பாராட்டும். கிளாஸ்கோ கத்தோலிக்கரும் இப்படி ஒன்று செய்யக்கூடாதா என்று எடின்பரோக்காரர்கள் கேட்டுவிட்டுப் போயினர். அவர்கள் அப்படிக் கேட்டதற்காகப் பின்னாளில் எவ்வளவு வருந்தியிருப்பார்கள் என்பதைக் கீழே காண்போம்.

அதே ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு ரோஸ் தெருவில் இருந்த அந்த மரியன்னை மண்டபத்தில் கூட்டம் கூடியது. கட்டட வேலை செய்த ஜான் கிளாஸ், மருத்துவர் ஜான் கான்வே போன்ற பங்குப் பிரமுகர்கள் வந்திருந்தனர். கிளாஸ்கோ ஹைபர்னியன் என்று பெயரிடலாம் என்றனர் பலர். சகோதரர் வால்பிரிட் ஒப்பவில்லை. செல்டிக் என்றே இருக்கட்டும் என்று நின்றார். செல்டிக் எனப்படும் பழைய இனம் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் பொதுவானது. வந்தேறிகளையும் மண்ணின் மக்களையும் ஒரே சொல்லில் சேர்க்கும் பெயர் அது. ஹைபர்னியன் அணியில் தொடக்க காலத்தில் கத்தோலிக்கர் மட்டுமே ஆட முடிந்தது. செல்டிக்கில் அப்படி ஒரு விதி வைக்கப்படவில்லை. பின்னாளில் புராட்டஸ்டன்ட் வீரர்கள் பலர் அதன் புகழை வளர்த்தனர். 1936இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் மன்றத்தைச் சேர்ந்த முகமது சலீம் காலணியின்றி, காலில் துணிக்கட்டோடு ஆடி அந்நாட்டாரை வியக்க வைத்ததும் செல்டிக் சட்டையில்தான்.

ஒரு வாரத்திற்குள் இடம் பிடித்தாயிற்று. பார்க்ஹெட் பகுதியில் கல்லறைத் தோட்டத்தை அடுத்து ஆறு ஏக்கர் வெற்று நிலம். ஆண்டு வாடகை 50 பவுன். அதைத் திடலாக்கியவர்கள் கூலியாட்கள் அல்லர். பகல் முழுதும் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்த பங்கு மக்கள், வேலை முடிந்த பின் மண்வெட்டியோடு வந்து ஆறு மாதத்தில் சமன் செய்தனர். சிறு பார்வையாளர் மேடையும் கட்டினர். 1888 ஜனவரியில் நன்கொடை வேண்டிச் சுற்றறிக்கை ஒன்று வீடுதோறும் போயிற்று. மரியன்னை, திரு இருதயம், புனித மிக்கேல் ஆகிய மூன்று பங்குகளிலும் சாப்பாட்டு மேசைகளை நடத்த வின்சென்ட் தே பவுல் சபையாருக்குப் பணம் சேர்ப்பதே மன்றத்தின் தலையாய நோக்கம் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. பேராயர் சார்லஸ் அயர் 20 ஷில்லிங் கொடுத்துப் பட்டியலைத் தொடங்கி வைத்தார். 20 ஷில்லிங் என்பது ஒரு பவுன், அதாவது 240 பென்னி. பழைய நாணயக் கணக்கை அறியாத நம் பிள்ளைகளுக்காக இதைக் குறிக்கிறோம்.

ஆள் சேர்ப்பதில் சகோதரர் வல்லவர். யாரும் அவரிடம் மாட்டேன் என்று சொல்லித் தப்பியதில்லை என்பர். 1887 டிசம்பரில் ஒரு மாலை, டாம் மேலி என்ற நல்ல ஆட்டக்காரரைத் தேடி அவரும் கிளாஸும் மற்றொருவருமாகக் கேத்கார்ட் என்ற ஊருக்குப் போயினர். டாம் வீட்டில் இல்லை. தகப்பனார் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இளைய மகன் வில்லி அங்கே நின்றான். வயது பத்தொன்பது. ஓட்டப் பந்தயத்தில் நாட்டமே தவிர, கால்பந்தில் பெரிய பழக்கமில்லை. புறப்படும்போது நீயும் அண்ணனோடு வாயேன் என்று சகோதரர் அவனையும் அழைத்தார். அந்த வில்லி மேலி முதல் ஆட்டத்திலேயே ஆடினார். 1897 முதல் 1940 வரை செல்டிக்கின் மேலாளராக இருந்தார். வாசற்படியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை அரை நூற்றாண்டு மன்றத்தைத் தாங்கியது.

1888 மே 28ஆம் நாள் செல்டிக்கின் முதல் ஆட்டம். எதிரே நின்றது ரேஞ்சர்ஸ் மன்றம், அதன் இரண்டாம் நிலை வீரர்கள் பலரோடு. வெள்ளைச் சட்டை, பச்சைக் கழுத்துப் பட்டை, மார்பில் செல்டிக் சிலுவை. சுமார் 2,000 பேர் பார்த்தனர். நீல் மெக்கல்லம் முதல் கோலை அடித்தார். 5-2 என்று செல்டிக் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் மரியன்னை மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து உண்டு, பாட்டும் கச்சேரியுமாக இரவைக் கழித்தனர். அடுத்த நூற்றாண்டில் இவ்விரு மன்றங்களின் பெயரைச் சொல்லித் தெருக்களில் எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதை அறிந்தவர்கள் இந்த முதல் விருந்தை எண்ணி ஏங்காமல் இருக்க முடியாது.

இனி நாம் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. பிறந்த சில மாதங்களில் ஓர் அணி இவ்வளவு வலிமை பெற்றது எப்படி? ரென்டன் மன்றத்தின் ஜேம்ஸ் கெல்லி அந்நாளில் ஸ்காட்லாந்திலேயே சிறந்த வீரர்களுள் ஒருவர். அவர் செல்டிக்குக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து, 1888 கோடையில், ஹைபர்னியன் அணியின் முன்னணி வீரர்கள் ஐந்தாறு பேர் ஒட்டுமொத்தமாகக் கிளாஸ்கோவுக்கு மாறினர். ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது 1893 வரை சட்டப்படி குற்றம். இருந்தும் மேசைக்கு அடியில் காசு கைமாறியது என்பது அன்றே ஊரறிந்த பேச்சு. தச்சு வேலை செய்த கெல்லி சில ஆண்டுகளில் மதுக்கடை உரிமையாளர் ஆனார். வழிகாட்டிய எடின்பரோ மன்றமோ ஆளின்றி, பணமின்றி நொடித்து, 1891இல் ஆட்டத்தையே நிறுத்தியது. ஹானன் அடிகளார் இறந்ததும் அதே ஆண்டுதான். பின்னர் அம்மன்றம் வேறு கைகளில் மீண்டு எழுந்தது.

ஒரு பங்கின் ஏழைகளுக்கு உணவளிக்க மற்றொரு பங்கின் வீட்டைக் காலி செய்தது முறையா? அறப்பணிக்காக என்று தொடங்கிய செயலில் இப்படியொரு கறை விழுந்ததை நாம் பூசி மெழுக விரும்பவில்லை. பிள்ளைகளின் கிண்ணம் நிரம்ப வேண்டுமானால் திடல் நிரம்ப வேண்டும். திடல் நிரம்ப வேண்டுமானால் அணி வெல்ல வேண்டும். வெல்ல வேண்டுமானால் நல்ல ஆட்டக்காரர் வேண்டும், அவர்களுக்குக் காசு வேண்டும். கணக்கு இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க் கடைசியில் கிண்ணத்தைவிட்டு வெகுதூரம் போய்விடுகிறது. இந்தச் சிக்கலை அவிழ்க்கச் சகோதரராலும் இயலவில்லை.

முதல் பருவம் 1888 செப்டம்பரில் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் லீக் என்பது அப்போது கிடையாது. அது 1890இல்தான் வந்தது. எனவே கோப்பைப் போட்டியே எல்லாம். முதல் சுற்றில் ஷெட்டில்ஸ்டன் அணியை 5-1, அடுத்து கவ்லேர்ஸ் அணியை 8-0, பிறகு ஆல்பியன் ரோவர்ஸ், புனித பெர்னார்ட்ஸ் அணிகளைத் தலா 4-1 என்று வென்றது செல்டிக். நவம்பரில் கிளைடு அணியிடம் 0-1 என்று தோற்றது. தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் இருட்டில் முடிந்தது என்று முறையிட்டனர். முறையீடு ஏற்கப்பட்டு மறு ஆட்டம் நடந்தது. அதில் 9-2! கிளைடு அணியினரின் மனநிலையை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் அணியை 2-1 என்று தட்டுத்தடுமாறித் தாண்டி, அரையிறுதியில் டம்பார்டன் அணியை 4-1 என்று வீழ்த்தி, பிறந்த முதல் ஆண்டிலேயே செல்டிக் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது.

எதிரணி தேர்டு லானார்க். தொண்டர் படையினர் தோற்றுவித்த மன்றம். 1889 பிப்ரவரி 2ஆம் நாள் ஹாம்டன் திடல். காலை முதலே பனி கொட்டியது. திடல் முழுதும் வெள்ளை. சுமார் 18,000 பேர் கூடிவிட்டனர். இந்தத் தரையில் கோப்பை ஆட்டம் செல்லாது என்று ஆட்டத்துக்கு முன்பே இரு மன்றத்தாரும் எழுதிக் கொடுத்துவிட்டனர். ஆனாலும் வாங்கிய காசைத் திருப்பித் தர யாருக்கும் மனமில்லை. பார்க்க வந்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்தை நடத்தினர். இதுதான் பின்னாளில் பனி இறுதியாட்டம் எனப் பெயர் பெற்றது. தேர்டு லானார்க் 3-0 என்று வென்று கோப்பை எங்களுக்கே என்றது. கால்பந்துக் கழகம் ஒப்பாமல் ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆடச் சொன்னது. பிப்ரவரி 9ஆம் நாள் நடந்த ஆட்டத்தில் மெக்கல்லம் ஒரு கோல் போட்டும் 2-1 என்று தேர்டு லானார்க்கே வென்றது. அந்த மன்றம் 1967இல் கடனில் மூழ்கி மறைந்துபோனது. அதே 1967 மே 25ஆம் நாள், கிளாஸ்கோவிலும் அதைச் சுற்றிய 30 மைலுக்குள்ளும் பிறந்த பதினொருவரைக் கொண்டு செல்டிக் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் சகோதரர் கேட்ட கணக்கு வேறு. அந்த ஒரு பருவத்தில் மன்றம் அறப்பணிகளுக்கு வழங்கியது 421 பவுனுக்கு மேல். பென்னியாக்கினால் ஓர் இலட்சத்தைத் தாண்டும். முழுத் தொகையும் சாப்பாட்டு மேசைகளுக்கே போகவில்லை. வேறு இல்லங்களுக்கும் பங்கு போயிற்று. எப்படியாயினும் 1887 நவம்பரில் மண்டபத்தில் கூடியவர்கள் கனவிலும் காணாத தொகை அது. மரியன்னை, திரு இருதயப் பள்ளிகளின் மேசைகளில் சூப்பு தட்டாமல் ஆவி பறந்தது.

1892 வரை இந்த நிலை ஓரளவு நீடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் குயின்ஸ் பார்க் அணியை 5-1 என்று வென்று செல்டிக் முதன்முறையாக ஸ்காட்லாந்துக் கோப்பையைப் பெற்றது. கிழக்குப் பகுதியின் தெருக்களெல்லாம் திருவிழாக் கோலம். கூட்டத்தைக் கண்ட நிலத்துக்காரர் வாடகையை 50 பவுனிலிருந்து 450 ஆக்க, மன்றத்தார் சாலைக்கு எதிர்ப்புறம் செங்கற் சூளையாக இருந்த பள்ளத்தை ஆயிரக்கணக்கான வண்டி மண் கொட்டி நிரப்பிப் புதிய திடல் அமைத்தனர். இன்றும் செல்டிக் ஆடுவது அங்கேதான். கல்லறையை அடுத்த பழைய இடத்திலிருந்து விண்ணகத்துக்கே குடிபெயர்ந்தோம் என்று வேடிக்கையாகப் பேசினர். விண்ணகம் என்ற பெயர் அத்திடலுக்கு நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டிலேயே சபைத் தலைவர்கள் சகோதரர் வால்பிரிட்டை லண்டனுக்கு மாற்றினர். நம் பங்குகளிலும் சாமியாரோ சகோதரியோ மாறிப்போகும்போது மக்கள் அழுவதைப் பார்த்திருக்கிறோம். கீழ்ப்படிதல் வாக்கு கொடுத்தவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கிளாஸ்கோவில் அவர் இருந்தவரை மன்றத்தின் கூட்டங்களில் பிள்ளைகளின் பங்கைக் கேட்க ஒரு குரல் இருந்தது. அவர் போனபின் வணிக நோக்குடையவர்களின் கை ஓங்கியது. மேசைகளுக்கு வந்த பணம் குறைந்து, பின் நின்றே போயிற்று. 1897இல் மன்றம் பங்குதாரர்களின் கம்பெனியாக மாறியது. முதலீட்டாளர்கள் பங்காதாயம் பெற்றனர். நோக்கத்தை நினைவூட்டி எதிர்த்தவர்களும் இருந்தனர். வாக்கெடுப்பில் அவர்கள் தோற்றனர். ஒருபுறம் பார்த்தால், ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகக் கூலி, கடனுக்குப் பொறுப்பு என்று வந்தபின் கம்பெனியாக மாறாமல் மன்றம் நிலைத்திருக்காது. மறுபுறம், சுற்றறிக்கையில் அச்சிட்ட வார்த்தை பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. இரண்டும் உண்மையே.

லண்டனிலும் சகோதரர் சும்மா இருக்கவில்லை. பெத்னல் கிரீன், போ ஆகிய கிழக்குப் பகுதிகளின் வெறுங்கால் பிள்ளைகளைச் சேர்த்து அவர்களுக்கும் கால்பந்து ஆட்டங்கள் ஏற்படுத்தினார். பின்னர் கென்ட் மாவட்டத்துக் குரோவ் ஃபெரியில் இருந்த சபை இல்லத்திலும் பணியாற்றினார்.

1911இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடித்து லண்டன் வழியாகத் திரும்பிய செல்டிக் அணியை முதியவர் பார்க்க வந்தார். மேலாளராக உடன் வந்தவர், அன்று வாசலில் நின்ற அதே வில்லி. பழைய நாட்களைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசினர். தம்மோடு தொடங்கியவர்களில் எஞ்சியவர் சிலரே என்றும், இந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவரைக்கூடத் தமக்குத் தெரியாது என்றும், ஆனாலும் பழைய நிறத்தையே அணிந்து பழைய இடத்திலேயே ஆடுகிறார்களே என்றும் சொல்லி அவர் மகிழ்ந்ததை மேலி பின்னாளில் நினைவு கூர்ந்தார். சாப்பாட்டு மேசையின் பேச்சை அவர் எடுத்ததாக மேலி சொல்லவில்லை.

முதுமையில் ஸ்காட்லாந்தின் தென்கோடியில் உள்ள டம்ஃப்ரீஸ் நகரத்துச் சபை இல்லத்துக்கு வந்து ஓய்வு கொண்டார். உலகப் போர் மூண்டிருந்த நேரம். 1915 ஏப்ரல் 17ஆம் நாள், தம் 74ஆம் வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அந்தப் பருவத்திலும் லீக் பட்டம் செல்டிக்குக்கே. சபைச் சகோதரர்களின் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களுக்கு நடுவே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

நெடுங்காலம் அவருக்கென்று நினைவுச் சின்னம் எதுவும் திடலில் இருக்கவில்லை. கடைசியில் மன்றத்தின் அபிமானிகளே பணம் சேர்த்து வெண்கலச் சிலை ஒன்றைச் செய்வித்தனர். 2005 நவம்பர் 5ஆம் நாள், அந்த மண்டபக் கூட்டத்தின் ஆண்டு நாளுக்கு முந்திய நாள், திடலின் வாசலில் அது திறந்து வைக்கப்பட்டது. துறவற உடையில் நாற்காலியில் அமர்ந்த கோலம். ஆட்ட நாட்களில் பல்லாயிரம் பேர் அவரைக் கடந்துதான் உள்ளே போகின்றனர். பிரிட்ஜ்டனில் அவர் தலைமையாசிரியராக இருந்த திரு இருதயப் பள்ளியும் தொடக்கப்பள்ளியாக இன்றும் நடந்து வருகிறது.